ஆயிரமாவது இடுப்பு

எங்கள் ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை வலியைத் தடைசெய்தது. வலியை ஒழிப்பது ஒரு வேலை, தடைசெய்வது இன்னொரு வேலை. முதலாவதற்கு மருந்து வேண்டும், இரண்டாவதற்குப் பலகை போதும். மருத்துவமனையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்குப் பதில் எழுதும் பொறுமை எனக்குக் கிடையாது.

செல்போன் எல்லார் சட்டைப் பைக்கும் வந்துவிட்ட காலம். டிஜிட்டல் பேனர்கள் புதுச்சேரியின் முச்சந்திகளை மறைக்க ஆரம்பித்திருந்த காலம். எங்கிருந்தோ கோட்டு போட்ட நாலு பேர் வந்தார்கள். மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தார்கள், கேன்டீனில் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டார்கள், 'வலியில்லா மருத்துவமனை' என்று தரச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வாசலில், 'புகையில்லா வளாகம்' பலகைக்குப் பக்கத்தில் அதே அளவில் 'வலியில்லா வளாகம்' என்று இன்னொரு பலகை முளைத்தது. புகைக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் வலிக்கும் என்று காவலாளிகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பலகை அப்படித்தான் இருந்தது.

அந்தப் பலகையைத் தாண்டி ஒரு வைகாசி மாசம் உள்ளே போனவர் கண்ணையன். உப்பளத்துக்காரர். பாதி ஆயுளை மில்லில் தறி ஓட்டியே கழித்தவர். மில் நொடித்த பிறகு பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை. இடது இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு உளுத்துப்போயிருந்தது. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "தினம் எவ்வளவு குடிப்பீங்க?" என்பது. குடிப்பதில்லை என்றார். புதுச்சேரியில் ஒருவன் குடிப்பதில்லை என்று சொன்னால் பெற்ற தாயே நம்ப மாட்டாள், டாக்டர் எப்படி நம்புவார்? 'கொஞ்சமாக' என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் இலவசம். இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைக் கண்ணையன் தலையில் தேங்காய்போல உடைப்பார்கள். எலும்புப் பிரிவின் தலைவர் டாக்டர் புருஷோத்தமன் தன் கையாலேயே பழைய பந்தை எடுத்துவிட்டு, பிரான்சிலிருந்து வந்த புது மூட்டைப் பொருத்தினார். கண்ணையன் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் உண்டு. அவர் பார்க்க வந்து சொன்னார்:

"பிரெஞ்சு நேஷனாலித்தே வாங்க எம்மாம் பேரு நாயா அலையறான்! ஒன் இடுப்புக்குப் படுத்த எடத்துலயே கெடச்சிடுச்சு பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணையனும் சிரித்தார். அந்த இடுப்பை வைத்து அவர் சிரித்தது அது ஒரு தடவைதான்.

மரத்துப்போக வைத்த ஊசியின் வேகம் இறங்கியதும் வலி ஆரம்பித்தது. வெட்டின இடம் சாதுவாக இருந்தது. புட்டத்தில் கிளம்பிப் பின்தொடை வழியாக இறங்கி, முழங்காலின் வெளிப்பக்கம் திரும்பி, பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்து எரிந்தது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தாற்போல் எரிச்சல். நடுநடுவே கரண்ட் அடித்தாற்போல் ஒரு வெட்டு. ஆபரேஷனில் காலை இழுத்துத் திருப்பும்போது, இடுப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய நரம்பு இழுபட்டிருந்தது. இது சில பேருக்கு நடக்கக்கூடியதுதான், அதுவரை யார் மேலும் குற்றம் இல்லை. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்த நிமிஷத்தில் குற்றம் ஆரம்பமாகிறது.

வார்டு சிஸ்டர் கையில் ஓர் அட்டையோடு வந்தார். அதில் மூன்று மூஞ்சிகள் வரைந்திருந்தன. ஒன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது, ஒன்று லேசாகச் சிரித்தது, ஒன்று சும்மா இருந்தது.

"ஒங்களுக்கு எந்த மூஞ்சி, தொட்டுக் காட்டுங்க."

கண்ணையன் அட்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விரலை அட்டையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தொட்டார்.

"அட்டைக்குள்ள காட்டணும்."

"அட்டைக்குள்ள அழுவற மூஞ்சி இல்லையேம்மா."

பக்கத்தில் நின்ற தர மேலாளர் நிர்மலா சிரித்தபடி விளக்கினார். அவருடைய வேலையே சிரிப்பதும் விளக்குவதும்தான். "முன்னாடி ஆறு மூஞ்சி இருந்துச்சுங்க. அழுவற மூஞ்சியக் காட்டினா பேஷன்ட்டுங்க அதையேதான் தொடறாங்க. நாங்க ஆராய்ச்சி பண்ணிப் பாத்தோம். அழுவற மூஞ்சிய எடுத்த அன்னிலேர்ந்து ஒருத்தர்கூடத் தொடல. பாருங்க, ஒரு சின்ன மாத்தம், எவ்ளோ பெரிய ரிசல்ட்!"

கண்ணையனின் மனைவி வேம்பு கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். பெற்றவர்கள் தெரிந்துதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். "அப்ப பாடை வரைஞ்ச படத்தையும் எடுத்துட்டா இங்க ஒருத்தரும் சாவ மாட்டாங்களா?" என்று கேட்டாள். நிர்மலா அதற்கும் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் போர்வை பட்டால் எரிந்தது, மின்விசிறிக் காற்று பட்டால் எரிந்தது. சாயங்காலம் பீச் ரோட்டில் காற்று வாங்கிப் பழகிய மனுஷன், கடற்காற்று பாதத்தில் பட்டுக் கத்தினார். வேம்பு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அவர் காலுக்கு மேல் நிறுத்தி, அதற்கு மேல் போர்வையை விரித்துத் தூங்கவைத்தாள். தூக்கம் ஸ்டூலுக்கு வந்திருக்கலாம், அவருக்கு வரவில்லை. போதாக்குறைக்குப் பாதம் மேலே தூக்க வராமல் சோர ஆரம்பித்தது. நடக்கும்போது விரல் தரையில் தேய்ந்தது.

புறநோயாளிப் பிரிவில் டாக்டர் புருஷோத்தமன் கண்ணையனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். மலர்ந்தது எக்ஸ்ரேயைப் பார்த்து. அதை வெளிச்சப் பெட்டியில் செருகி, ரெண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார்.

"கண்ணையன், என் சர்வீஸ்லயே இதுதான் பெஸ்ட் இடுப்பு. என்னா ஒரு கோணம் பாருங்க! என்ன தொந்தரவு?"

"காலு எரியுது சார். பாதம் தூக்க வரல."

"எங்க? காட்டுங்க."

கண்ணையன் வேட்டியை ஒதுக்கிக் காலைக் காட்டினார்.

"அங்க இல்ல. இங்க காட்டுங்க." டாக்டர் எக்ஸ்ரேயைத் தட்டினார்.

கண்ணையன் நொண்டியபடி எழுந்துபோய் எக்ஸ்ரேயைத் தடவிப் பார்த்தார். அதில் வெள்ளையாக ஒரு பந்தும் ஒரு கம்பியும் இருந்தன. வலி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களா? படத்துல இல்லாத வலி ஒலகத்துலயே கெடையாது. உங்களுக்கு இருக்கிறது ஒரு சின்ன அசௌகரியம். இலவசமா இவ்ளோ நல்ல மூட்டு குடுத்திருக்கோம். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது."

மாட்டுக்குப் பல் இருந்தால் கடிக்கும் என்பது கண்ணையனுக்குத் தோன்றவில்லை. அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தன்னை மறந்து முனகினார். காவலாளி ஓடிவந்தார்.

"பெரியவரே, வளாகத்துக்குள்ள மொனகக் கூடாது. கேட்டுக்கு வெளிய டீக்கடை இருக்கு. அங்க போயி மொனகிட்டு வாங்க."

கண்ணையன் போனார். டீக்கடையில் பெரிய கூட்டம். பீடிக்கு ஒரு பெஞ்சு, முனகலுக்கு ஒரு பெஞ்சு என்று கடைக்காரர் வசதி செய்து வைத்திருந்தார். முனகல் பெஞ்சில் கழுத்துக்காரர், முதுகுக்காரர், தையல் பிரித்தவர், பிரிக்காதவர் எல்லாரும் உட்கார்ந்து ஆசை தீர முனகிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் சின்னக்கண்ணு. மில்லில் கண்ணையனுக்கு எதிர்த்தறி ஓட்டியவன். அவனுக்கும் அதே மருத்துவமனையில் இடுப்பு மாற்றியிருந்தார்கள். மில்லின் சிமெண்டுத் தரை எத்தனை பேர் இடுப்பைத் தின்றதோ!

ரெண்டு பேரும் காவலாளி காதில் விழாமல் மில் பேச்சு பேசிக்கொண்டார்கள். இது என்னவென்று சொல்ல வேண்டும். தறிக்கூடத்தில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அகலமாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவன் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வான். மேஸ்திரியைத் திட்டுவது, கைமாத்துக் கேட்பது, ராத்திரி பார்த்த சினிமாவைச் சொல்வது எல்லாம் இப்படித்தான். மில் போயும் அந்தப் பேச்சு போகவில்லை. மருத்துவமனையில் அதற்கு மறுபடி வேலை வந்தது. மில் பழக்கம் இருந்தவர்கள் வார்டிலேயே படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் முனகினார்கள், எதிர்க் கட்டில்காரர் பார்த்து 'ச்சொச்சொ' என்றார்.

'நரம்பு டாக்டர் நெடுமாறன் ரெண்டாவது மாடியில இருக்காரு மச்சான், அவரப் போயிப் பாரு' என்று உதட்டால் சொன்னவன் சின்னக்கண்ணுதான்.

நெடுமாறன் நல்லவர். நல்லவர் என்று நான் சொல்வதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர். பஞ்சால் தடவினார், கண்ணையன் துள்ளினார். பாதத்தைத் தூக்கச் சொன்னார், அது பாதி தூக்கிவிட்டு விழுந்தது.

"நரம்பு இழுபட்டிருக்கு. உயிர் இருக்கு, ஆனா தவிக்குது. கரண்ட் வெச்சுப் பாத்து, எங்க சிக்கியிருக்குன்னு கண்டுபிடிச்சு, தேவைப்பட்டா தெறந்து வுடணும். இப்ப பாத்தா கால் பொழைக்கும். ரொம்ப நாள் வுட்டா பாதம் தொங்கிடும், அப்புறம் திரும்பாது."

"பாருங்க சார்! இப்பவே பாருங்க!" என்றாள் வேம்பு.

நெடுமாறன் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவரு வெச்ச இடுப்பும்மா. அவரு அனுப்பாம நான் தொட்டா நல்லா இருக்காது. அவரு வீட்டு மரத்துல நான் எப்பிடி மாங்கா பறிக்கிறது? அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே பண்ணிடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகக் கண்ணையனும் வேம்பும் திரும்ப எலும்புப் பிரிவுக்கு வந்தார்கள். டாக்டர் புருஷோத்தமன் இந்தத் தடவை கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, நிர்மலாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மனம் விட்டுப் பேசினார்.

"கண்ணையன், நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? இந்த ஆஸ்பத்திரியோட ஆயிரமாவது இடுப்பு நீங்கதான். விழா எடுக்கப் போறோம். அமைச்சர் வர்றாரு. இந்த நேரத்துல நீங்க நரம்பு டிபார்ட்மென்ட்டுக்குப் போனா என்ன ஆவும்? நீங்க 'சிக்கல்' ஆயிடுவீங்க. சிக்கல் ஆயிட்டா வெற்றிக் கணக்குல வர மாட்டீங்க. அப்புறம் ஆயிரத்துக்கு நான் எங்க போவேன்?"

"ஆயிரத்தோராவது ஆளை ஆயிரமாக்கிக்கிடுங்க" என்றாள் வேம்பு.

"அவரு எக்ஸ்ரே இவ்ளோ அழகா இல்லம்மா." டாக்டர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "விழா முடியட்டும். மறுநாளே நானே நெடுமாறனுக்கு ஃபோன் பண்றேன். இது என் சத்தியம். அதுவரைக்கும் நீங்க எங்க பெருமை. பெருமைக்கு வலிக்கக் கூடாது."

கண்ணையன் ஒப்புக்கொண்டார். கால் வேண்டும் அவருக்கு. கால் கிடைக்கும் வழி விழா மேடை வழியாகப் போகிறது என்றால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது, அதில் தப்பும் இல்லை.

விழா ஆனி மாசக் கடைசியில் என்றார்கள். அமைச்சருக்குச் சட்டசபைக் கூட்டத்தொடர் வந்தது. பிறகு ஆடி வந்தது, ஆடியில் அமைச்சர் எதையும் திறப்பதில்லை, யாரையும் வாழ்த்துவதில்லை. ஆவணியில் அமைச்சரின் மச்சினி கல்யாணம். புரட்டாசியில் டெல்லி. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் பேனர் மட்டும் புதிதாக அடித்தார்கள். ஒரு பேனரில் புருஷோத்தமன் சிரித்தார், அமைச்சர் சிரித்தார், நடுவில் கண்ணையனின் இடுப்பு எக்ஸ்ரே இருந்தது. கண்ணையனின் மூஞ்சி இல்லை. நரம்புக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஆடியிலும் செத்துக்கொண்டிருந்தது, ஆவணியிலும் செத்துக்கொண்டிருந்தது. ஒரு மனுஷனின் காலை ஒரு மச்சினி கல்யாணத்துக்காகக் காக்கவைத்தார்கள்.

ஆயுதபூஜை வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் சுத்தியல், உளி, ரம்பம், துளைபோடும் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி படைத்தார்கள். விழாவுக்காகத் தேக்குச் சட்டம் போட்டு நடைவழியில் மாட்டியிருந்த கண்ணையனின் எக்ஸ்ரேயையும் யாரும் விடவில்லை. கீழே 'திரு. கண்ணையன், உப்பளம்' என்று பித்தளைத் தகடு. மேலே சாமந்தி மாலை, நடுவில் சந்தனப் பொட்டு, பக்கத்தில் ஓர் ஊதுபத்தி.

அன்றைக்கு யாரையோ பார்க்கப் போன வைத்திக்குப்பத்துக்காரி ஒருத்தி, உப்பளத்தில் தெருத் தெருவாக மீன் விற்பவள், அதைப் பார்த்துவிட்டாள். சட்டம், மாலை, பொட்டு, ஊதுபத்தி, பேர். உயிரோடு இருக்கிறவனுக்கு எவன் இதெல்லாம் செய்வான்? கூடையை இறக்கிவைத்து அங்கேயே ஒரு பாட்டம் அழுதாள். மத்தியானத்துக்குள் செய்தி உப்பளம் வந்தது. சொல்தா கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் மாலையோடு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தவர் கண்ணையன்.

சொல்தா மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணையன் கழுத்திலேயே போட்டார்.

வேம்பு நேராக மருத்துவமனைக்குப் போனாள். "உசுரோட இருக்கிற மனுசன் படத்துக்கு மாலையாய்யா போடுவீங்க?"

நிர்மலா சிரித்தபடி விளக்கினார். "தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்கம்மா. மாலை ஒங்க வீட்டுக்காரருக்கு இல்ல, மூட்டுக்கு. அது எங்க ஆயுதம்."

"மூட்டு யாரு ஒடம்புல இருக்குது?"

"அதைப் பத்தி நாங்க முடிவெடுக்க முடியாது. சட்டப் பிரிவுல கேக்கணும்."

கடைசியில் கார்த்திகை மாசம் விழா நடந்தது. முதல்நாள் ஒத்திகை. கண்ணையன் நடந்தபோது விரல் தரையில் தேய்ந்து 'சர்க் சர்க்' என்று சத்தம் வந்தது. மைக்கில் கேட்குமே என்று நிர்மலா கவலைப்பட்டார். வேட்டியை மாற்றிப் பேன்ட் போட்டார்கள். புது கேன்வாஸ் ஷூ மாட்டி, ஷூ நுனியில் எலாஸ்டிக் கட்டி, பேன்ட்டுக்குள்ளேயே முழங்காலுக்குக் கீழே இழுத்து முடிச்சு போட்டார்கள். பாதம் தூக்கிக்கொண்டது. போர்வை பட்டாலே கத்தியவரின் காலில் ஷூ! கண்ணையன் பல்லைக் கடித்துக்கொண்டார். "நாளைக்கு ஒரு நாளுதான்டி. மறுநா நெடுமாறன் சார் பாத்துடுவாரு" என்று வேம்புவிடம் சொன்னார்.

மண்டபத்தின் முன்வரிசைகளில் பெரிய மனிதர்கள். பின்வரிசைகளில் கைதட்டுவதற்காக மருத்துவமனை பஸ்ஸில் ஏற்றிவந்த பழைய நோயாளிகள், அவர்களில் பாதிப் பேர் மில்காரர்கள், சின்னக்கண்ணுவும் அங்கேதான். அமைச்சர் வழக்கமான தாமதத்தோடு வந்து பேசினார்.

"பிரெஞ்சுக்காரன் இந்த மண்ணை விட்டுப் போகும்போது நமக்கு என்னத்தைக் குடுத்துட்டுப் போனான்? இன்னிக்கு அவன் இடுப்பையே வாங்கி நம்ம ஆளுக்கு மாட்டிட்டோம்! வலி இல்லாத புதுச்சேரி, அதுதான் இந்த அரசின் லட்சியம். வலி இருக்கிறவங்க யாரா இருந்தாலும் எல்லைக்கு அந்தாண்ட போயிடலாம்!"

கைதட்டல். பிறகு டாக்டர் புருஷோத்தமன்.

"எலும்பு நேர்மையானது. வெச்ச எடத்துல இருக்கும். படத்துல தெரியும். நரம்பு அப்படி இல்ல. படத்துல வராது, ஆனா சதா புகார் சொல்லிக்கிட்டே இருக்கும். என் அனுபவத்துல எந்த எலும்பும் என்னைக் குத்தம் சொன்னதில்ல. நான் வெச்ச ஆயிரம் மூட்டுல ஒண்ணுகூடத் தோக்கல. மூட்டைச் சுத்தி இருக்கிற மனுஷனைப் பத்திக் கேக்காதீங்க, அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

இதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

கண்ணையன் மேடையில் நடந்தார். அமைச்சர் ரோஜா மாலை போட்டார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: 'எனக்கு வலி இல்லை, நன்றி.' நாலு நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரும் சொல்லத்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் அந்த நேரம் பார்த்து ஷூவுக்குள் ஒரு வெட்டு வெட்டியது.

"எனக்கு... காலு எரியுதுங்க" என்றார் மைக்கில்.

நிர்மலா சிரித்தபடியே கையை ஆட்டினார். மைக் செத்தது. நாதஸ்வர கேசட்டைப் போட்டார்கள், பெரிய சத்தத்தோடு. கண்ணையன் ஒரு நிமிஷம் மிரண்டு நின்றார். எதிரில் கூட்டம், காதை அடைக்கும் இரைச்சல், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அந்த மனுஷன் பாதி ஆயுள் இப்படித்தானே நின்றார்! வாய் தன்னால் அகலமாக அசைய ஆரம்பித்தது.

கடைசி வரிசையில் சின்னக்கண்ணு எழுந்து நின்று, மேடையில் அசைந்த உதட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்: "ஆபரேசன் பண்ண மறுநாள்லேர்ந்து எரியுதுன்றான்!"

இன்னொரு மில்காரர் எழுந்தார். "பாதம் தூக்க வரலையாம்! எலாஸ்டிக் போட்டுக் கட்டியிருக்காங்களாம்!"

"நரம்பு டாக்டர்கிட்ட வுட மாட்டேன்றாங்களாம்!"

"விழா முடியட்டும்னாங்களாம்! ஆனிலேர்ந்து இதையே சொல்றாங்களாம்!"

ஒரு வரிசையே எழுந்து நின்றது. கேசட்டை இன்னும் கூட்டினார்கள். தறிக்கூடத்தைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் நாதஸ்வர கேசட் என்ன செய்யும்? கடைசியில் மண்டபமே ஓர் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தது. அமைச்சர் வேர்த்துப்போய், டாக்டர் காதில், "நாளைக்குக் காலைல பாத்துடுங்கய்யா, பேப்பர்காரன்லாம் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காரைத் தேடினார்.

அமைச்சர் காதில் சொன்ன சொல்லுக்கு உள்ள மதிப்பு இத்தனை மாசம் நரம்பு சொன்ன சொல்லுக்குக் கிடையாது என்று மறுநாள் தெரிந்தது. காலையில் முதல் ஆளாக நெடுமாறன் அறையில் கண்ணையனைப் படுக்கவைத்தார்கள். புருஷோத்தமனும் நிர்மலாவும் நின்றார்கள். வேம்பு கையில் அந்த ரோஜா மாலை, வாடியது, ஒரு பையில். வீட்டில் வைக்கப் பிடிக்காமல் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தாள்.

நெடுமாறன் காலில் கரண்ட் வைத்தார். பாதம் அசையவில்லை. கூட்டி வைத்தார், அசையவில்லை. ஊசியால் பாதத்தின் மேல் குத்தினார்.

"தெரியுதா?"

"இல்ல சார்." கண்ணையனுக்கே ஆச்சரியம். "நேத்து ராத்திரிலேர்ந்து பாதத்துல எரிச்சல் இல்ல. தொடையிலதான் இன்னும்..."

நெடுமாறன் இன்னும் நாலு இடத்தில் குத்தினார். பிறகு ஊசியைத் தட்டில் வைத்தார். "செத்துடுச்சு" என்றார் மெதுவாக. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

"வந்தனே சார்" என்றார் கண்ணையன். "நீங்கதான பஞ்சு வெச்சுப் பாத்தீங்க."

நெடுமாறன் தட்டிலிருந்த ஊசியை நேராக்கி வைத்தார். புருஷோத்தமன்தான் முன்னால் வந்தார், முகம் தெளிந்திருந்தது.

"ஒரு நிமிஷம். பாதத்துல இப்ப வலி இல்ல. அப்படித்தான?"

"பாதத்துல இல்ல சார்."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஒரு சின்ன அசௌகரியம்தான்னு? நிர்மலா, அமைச்சருக்குச் சொல்லிடுங்க."

நிர்மலா அட்டையை எடுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மூஞ்சியில் கண்ணையன் சார்பாகத் தன் விரலையே வைத்துக்கொண்டார்.

வேம்பு கண்ணையனைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே கூட்டிவந்து, எலும்புப் பிரிவு நடைவழியில், தேக்குச் சட்டத்துக்கு எதிரில் நிறுத்தினாள். பையிலிருந்து மாலையை எடுத்து எக்ஸ்ரேக்குப் போட்டாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"தறியச் சுத்தி ஓடுன காலே, என் சாமி காலே!
தவணை சொல்லியே ஒன்னத் தரையில இழுத்தாங்களே!
எலும்புக்கு மாலை போட்ட மகராசன் வாசலிலே
எரிஞ்சி எரிஞ்சி நீ அவிஞ்சி போனியே!"

காவலாளி ஓடிவந்தார். "அம்மா, வளாகத்துக்குள்ள அழக் கூடாதும்மா. வெளிய..."

"சாவு வூட்ல அழாம வேற எங்கய்யா போயி அழுவேன்?"

காவலாளி மாலையைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். ஒப்பாரி வைக்கும் வீட்டில் பொம்பளையை எழுப்பிவிடும் தைரியம் எவனுக்கு உண்டு? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். வார்டிலிருந்து பொம்பளைகள் வந்து வேம்புவின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவரவருக்கும் அழ ஒன்று இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்து அழுதார்கள். டீக்கடை முனகல் பெஞ்சு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் நிர்மலாவின் குரல் எல்லாரையும் சிரிக்கும்படி கேட்டுக்கொண்டது.

ஆம்பிளைகள், துக்க வீட்டில் செய்வதைச் செய்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் வந்து, சுவரைப் பிடித்து நின்ற கண்ணையனிடம் ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினார்கள். அவரும் கையை நீட்டித் தொட்டு அந்தத் துக்கத்தை வாங்கிக்கொண்டார். சின்னக்கண்ணு வந்தான், கழுத்துக்காரர் வந்தார், காவலாளியும் வந்தார். தொங்கிய பாதத்தின் மேல் கண்ணையனின் கண்ணீர் சொட்டியது. அது விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

வரிசையின் கடைசியில் டாக்டர் நெடுமாறன். மாடியிலிருந்து ஒப்பாரி கேட்டு இறங்கிவந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. நல்லவர்தான் என்று முன்பே சொன்னேனே. அவரும் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முன்னால் வந்து, ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

கண்ணையன் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.